சிறு படகும் கரையோர மக்களும்

(செங்கல்பட்டில் ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடியிருந்த கூட்டத்தில் ஆற்றிய உரை)



கூலி உயர்வு, பஞ்சப்படி, வீட்டு மனை, பட்டா என்று நம் வயிற்றோடு ஒட்டிய விஷயங்களைத்தான் இந்த மேடையில் வழக்கமாகப் பேசுகிறோம். இன்றைக்குக் கடற்காவல் படகுகளைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் சில தோழர்கள் ஒருவரையொருவர் பார்த்துக் கொள்கிறார்கள். நமக்கும் கடற்படைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கத் தோன்றுவது இயற்கைதான்.

சம்பந்தம் இருக்கிறது, தோழர்களே. அந்தப் படகை வாங்குகிற பணம் யாருடையது? நீங்கள் வாங்குகிற தீப்பெட்டியிலும் சோப்பிலும் டீசலிலும் வரியாகப் பிடித்த பணம். அந்தப் படகின் தகட்டை வெட்டிப் பற்றவைத்தவன் யார்? உங்களைப் போன்ற ஒரு தொழிலாளி. அதில் ஏறி அலையோடு மல்லுக்கு நிற்பவன் யார்? பெரும்பாலும் ஒரு விவசாயி வீட்டுப் பிள்ளை. அது காவல் காக்கிற கரையில் குடியிருப்பவன் யார்? நம் சகோதரனான மீனவன். பணம் நம்முடையது, உழைப்பு நம்முடையது, உயிரும் நம்முடையது. அப்படியிருக்க, அதைப் பற்றிப் பேசுகிற உரிமை மட்டும் மேலே இருக்கிறவர்களுக்கே சொந்தமா?

தேசப் பாதுகாப்பு என்றால் ஜனங்கள் வாய் திறக்கக் கூடாது என்ற ஒரு பழக்கத்தை இங்கே உண்டாக்கி வைத்திருக்கிறார்கள். பாட்டாளிகளின் கட்சி அந்தப் பழக்கத்துக்குக் கட்டுப்பட முடியாது. ஆகவே கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

நம் கரையின் குணம்

இங்கிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகப் போனால் முப்பது கிலோமீட்டருக்குள் மாமல்லபுரம். அங்கே நின்று வடக்கே பார்த்தால் தேவநேரி, பட்டிபுலம், நெம்மேலி, கோவளம். தெற்கே கொக்கிலமேடு, புதுப்பட்டினம், சதுரங்கப்பட்டினம். எல்லாம் மீனவக் குப்பங்கள். சென்னைத் துறைமுகத்தை விட்டால் புதுச்சேரி வரையில் பெரிய கப்பல் வந்து ஒதுங்குவதற்கு இந்தக் கரையில் இடம் கிடையாது. மணல் திட்டு, குறைந்த ஆழம், ஓயாமல் உடைகிற அலை. பெரிய கப்பல் எவ்வளவு பலம் படைத்ததாக இருந்தாலும் வெளியே ஆழத்தில்தான் நிற்க வேண்டும்.

இதை வெள்ளைக்காரன் அனுபவத்தில் கண்டான். சென்னையில் துறைமுகம் கட்டுவதற்கு முன்னால் அவனுடைய கப்பல்கள் தொலைவில் நங்கூரம் போட்டு நின்றன. ஆளையும் சரக்கையும் கரைக்குக் கொண்டு வந்தது நம் மீனவனின் மசூலா படகு. பலகைகளைக் கயிற்றால் தைத்த படகு அது. ஆணி அடித்த படகு அலையில் மோதிப் பிளந்து போகும். தைத்த படகு வளைந்து கொடுத்துக் கரையேறும். கடிதங்களைக் கட்டுமரக்காரன் கொண்டு போனான். அந்தக் கட்டுமரம் என்ற சொல் ஆங்கிலத்தில் புகுந்து இன்று உலகம் முழுவதும் இரட்டை உடல் படகுக்குப் பெயராக வழங்குகிறது.

1782 பிப்ரவரி 17-ம் தேதி சதுரங்கப்பட்டினத்துக்கு எதிரே கடலில் பிரெஞ்சுக்காரனும் ஆங்கிலேயனும் பீரங்கிச் சண்டை போட்டார்கள். பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரேன். ஆங்கிலேயத் தளபதி ஹியூஸ். கரையில் டச்சுக்காரன் கட்டிய கோட்டை. மூன்று அன்னியர்கள் நம் கடலுக்குச் சொந்தம் கொண்டாடினார்கள். கரையில் நின்று பார்த்த நம் மீனவனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எம்டன் வந்த இரவு

சென்னைப் பக்கத்தில் கெட்டிக்காரத்தனமாக ஏய்ப்பவனை 'எம்டன்' என்று சொல்கிறோமே, அந்தப் பேர் எப்படி வந்தது? 1914 செப்டம்பர் 22-ம் தேதி இரவு எம்டன் என்ற ஒரே ஒரு ஜெர்மன் போர்க்கப்பல் சென்னைக்கு எதிரே வந்து நின்றது. சுமார் 130 குண்டுகளைப் பொழிந்தது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் தீப்பிடித்து எரிந்தன. உயிர்ச்சேதமும் ஏற்பட்டது. கரைப் பீரங்கிகள் விழித்துக் கொண்டு சுடுவதற்குள் கப்பல் விளக்கை அணைத்துக் கொண்டு போய்விட்டது. கடல்களை எல்லாம் ஆள்கிறோம் என்று மார்தட்டிய பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தின் மானம் ஒரு இரவில் கப்பலேறியது. அந்தக் குண்டு விழுந்ததற்கு அடையாளமாகச் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் இன்றைக்கும் ஒரு கல் இருக்கிறது.

1942 ஏப்ரலில் என்ன நடந்தது? ஜப்பானிய விமானங்கள் 5-ம் தேதி கொழும்பிலும், 6-ம் தேதி விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும், 9-ம் தேதி திருகோணமலையிலும் குண்டு போட்டன. சென்னையில் சர்க்கார் அலுவலகங்களை உள்நாட்டு ஊர்களுக்கு மாற்றினார்கள். வசதி படைத்தவர்கள் ரயிலேறினார்கள். போக இடமில்லாத கூலிக்காரனும் மீனவனும்தான் கரையில் இருந்தான்.

இந்த இரண்டு சம்பவங்களும் நமக்கு ஒரு பாடம் சொல்கின்றன. ஆளுகிறவனின் பெரிய கப்பல் ஆளுகிறவனின் வியாபாரத்தைக் காக்க எங்கோ நிற்கும். கரையில் எப்போதும் இருப்பது கரையோர ஜனங்கள் மட்டுமே.

கப்பலை ஓட்டுகிறவன் யார்?

ஆலைத் தொழிலாளர்கள் மறக்கக் கூடாத ஒரு நாள் 1946 பிப்ரவரி 18. பம்பாயில் 'தல்வார்' என்ற கடற்படைப் பயிற்சித் தளத்தில் மாலுமிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். புழுத்த சாப்பாடு, குறைந்த சம்பளம், வெள்ளை அதிகாரியின் நிறத் திமிரான ஏச்சு. இவற்றை எதிர்த்து எழுந்த நெருப்பு 78 கப்பல்களுக்கும் 20 கரைத் தளங்களுக்கும் பரவியது. சுமார் 20,000 மாலுமிகள் பிரிட்டிஷ் கொடியை இறக்கினார்கள். காங்கிரஸ் கொடி, லீக் கொடி, செங்கொடி மூன்றையும் ஒரே பாய்மரத்தில் ஏற்றினார்கள். இந்து என்றும் முஸ்லிம் என்றும் அவர்கள் பிரிந்து நிற்கவில்லை.

அவர்களுக்கு ஆதரவாக யார் வந்தார்கள்? பிப்ரவரி 22 அன்று கம்யூனிஸ்ட் கட்சியின் அறைகூவலை ஏற்றுப் பம்பாயின் பஞ்சாலைத் தொழிலாளர்கள் எந்திரங்களை நிறுத்தி விட்டுத் தெருவுக்கு வந்தார்கள். சென்னை மாகாணத்திலும் தொழிலாளர்கள் அனுதாப வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். பம்பாய்த் தெருக்களில் ராணுவம் சுட்டு 200 பேருக்கு மேல் மாண்டார்கள். பரேல் பகுதியில் தோழர் கமல் தோண்டே என்ற வீரப் பெண் குண்டடி பட்டு உயிர் நீத்தார். தலைவர்கள் சரணடையச் சொன்னார்கள், மாலுமிகள் பணிந்தார்கள். பலர் வேலை இழந்து வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். ஆனால் இந்தியச் சிப்பாயையும் மாலுமியையும் நம்பி இனி இந்த நாட்டை ஆள முடியாது என்று வெள்ளைக்காரனுக்கு உறைத்துவிட்டது.

கப்பலின் பலம் அதன் பீரங்கியில் மட்டும் இல்லை. என்ஜின் அறையில் வியர்வை சிந்துகிறவன், சமையல் கட்டில் நிற்கிறவன், கம்பியில்லாத் தந்தியில் காது வைத்திருக்கிறவன், இவர்களின் மனதில் இருக்கிறது. அந்த மனதை மதிக்காத சர்க்கார் எத்தனை கப்பல் வாங்கினாலும் பயனில்லை.

2022-ல் கொண்டு வந்த அக்னிபாத் திட்டத்தை இந்தக் கண்ணோடு பாருங்கள். கடற்படையில் சேருகிற இளைஞனுக்கு நான்கு வருஷ வேலை. அதன் பிறகு நூற்றுக்கு 25 பேரைத்தான் நிரந்தரமாக வைத்துக் கொள்வார்கள். மீதிப் பேர் ஒரு தொகையை வாங்கிக் கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும், பென்ஷன் இல்லை. ஆலையில் நாம் எதை எதிர்த்துப் போராடுகிறோமோ, அந்த ஒப்பந்த முறை கப்பலின் மேல்தளத்துக்கே ஏறிவிட்டது.

சிறு படகின் பலம்

இப்போது படகுக்கு வருவோம். சுதந்திரம் வந்த பிறகு இந்தியத் தொழிலாளியின் கையால் கட்டப்பட்ட முதல் போர்க்கப்பல் எது? பெரிய கப்பல் என்று நினைக்க வேண்டாம். 'அஜய்' என்ற சிறு கடற்கரைக் காவல் படகுதான். 1961-ல் கல்கத்தாவில் கார்டன் ரீச் பட்டறையில், சர்க்கார் உடைமையாக்கிய அந்தப் பட்டறையில், அது உருவாயிற்று. 'உங்களால் முடியாது, எங்களிடம் வாங்குங்கள்' என்று மேல்நாட்டுக் கம்பெனிகள் சொல்லிக் கொண்டிருந்த காலத்தில் வங்காளத் தொழிலாளி அதைச் செய்து காட்டினான்.

அதன் பிறகு சோவியத் யூனியன் உதவிக்கு வந்தது. 1960-களின் கடைசியில் வந்த ஐந்து சிறு ரோந்துப் படகுகளுக்குக் கரையோர ஊர்களின் பெயரை வைத்தார்கள். பாம்பன் ஒன்று, பழவேற்காடு ஒன்று. பழவேற்காடு எங்கே இருக்கிறது? 1997 வரை நம் பழைய செங்கல்பட்டு ஜில்லாவின் பொன்னேரி தாலுகாவில் இருந்த ஊர். நம் ஜில்லாக் குப்பத்தின் பெயரைச் சுமந்து கொண்டு ஒரு சோவியத் படகு இந்தியக் கடலைக் காவல் காத்தது.

1971-ல் இந்தச் சிறு படகுகள் என்ன செய்தன என்று உலகம் பார்த்தது. சோவியத் நாட்டிலிருந்து எட்டு ஏவுகணைப் படகுகள் வந்திருந்தன. ஒவ்வொன்றும் சுமார் 200 டன் எடை, நான்கு ஏவுகணைகள். கரையை விட்டு வெகுதூரம் போகாமல் கரையைக் காப்பதற்காகவே செய்யப்பட்டவை. டிசம்பர் 4-ம் தேதி இரவு நிபாத், நிர்காட், வீர் என்ற மூன்று படகுகளைக் கராச்சிப் பக்கம் அனுப்பினார்கள். எரிபொருள் போதாது என்பதால் வழியில் பெரிய கப்பல்கள் அவற்றைக் கட்டி இழுத்துச் சென்றன. பப்ரு பான் யாதவ் தலைமை தாங்கினார். சோவியத் நாட்டில் பயிற்சி பெற்ற மாலுமிகள் எதிரிக்குப் புரியாமல் இருக்க ரஷ்ய மொழியில் பேசிக் கொண்டார்கள் என்று சொல்வார்கள். 'கைபர்' என்ற பெரிய நாசகாரிக் கப்பலும் 'முகாஃபிஸ்' என்ற கண்ணிவாரிக் கப்பலும் மூழ்கின. மூன்று படகும் பத்திரமாகத் திரும்பின. அந்த நாளைத்தான் ஒவ்வொரு வருஷமும் கடற்படை தினமாகக் கொண்டாடுகிறார்கள்.

அதே டிசம்பரில் அமெரிக்க ஏகாதிபத்தியம் என்ன செய்தது? 'என்டர்பிரைஸ்' என்ற அணுசக்தி விமானந்தாங்கிக் கப்பலை நம் வங்காள விரிகுடாவுக்கு அனுப்பி மிரட்டியது. எதற்காக? வங்க தேச மக்களின் விடுதலையைத் தடுக்க. விளாடிவாஸ்டாக்கிலிருந்து சோவியத் கப்பல்கள் பின்தொடர்ந்து வந்தன. மிரட்டல் பலிக்கவில்லை, டிசம்பர் 16-ல் டாக்காவில் சரணாகதி நடந்தது. யார் நண்பன், யார் மிரட்டினவன் என்பதை நம் தலைமுறை மறக்கக் கூடாது. இன்றைக்கு அதே அமெரிக்காவோடு கூட்டு ராணுவப் பயிற்சி நடத்துகிறவர்களுக்கு இதை நினைவுபடுத்த வேண்டும்.

இன்னொரு சம்பவத்தையும் சொல்லியாக வேண்டும். டிசம்பர் 10-ம் தேதி குல்னா ஆற்றுப் பக்கம் பத்மா, பலாஷ் என்ற இரண்டு துப்பாக்கிப் படகுகள் போய்க் கொண்டிருந்தன. வங்க விடுதலைப் படையின் படகுகள் அவை. கூடவே நம் பன்வெல் ரோந்துப் படகு. எதிரிப் படகு என்று தவறாக நினைத்து இந்திய விமானங்களே அவற்றின் மேல் குண்டு போட்டு விட்டன. பலாஷின் என்ஜின் அறையில் ருஹுல் அமீன் என்ற எந்திரத் தொழிலாளி இருந்தார். கப்பலைக் கைவிடும்படி உத்தரவு வந்தும் என்ஜினை நிறுத்தாமல் படகைக் காப்பாற்றப் பாடுபட்டார். அன்றே உயிர் துறந்தார். வங்க தேசத்தின் மிக உயர்ந்த வீர விருது பெற்ற ஏழு பேரில் அவர் ஒருவர். எந்திரத்தின் பக்கத்தில் நிற்கிற தொழிலாளிகளே, அந்தப் பெயரை நினைவில் வையுங்கள்.

நான் போரைப் புகழவில்லை, தோழர்களே. பாகிஸ்தான் மாலுமியும் ஒரு ஏழை வீட்டுப் பிள்ளைதான். போர் வேண்டாம் என்றுதான் நாம் சொல்லி வந்திருக்கிறோம். ஆனால் கரையைக் காக்க வேண்டுமானால் அதற்கு ஏற்ற கருவி எது என்பதையும் நாம் தெரிந்து வைத்திருக்க வேண்டும். மலை போன்ற கப்பலை வாங்கினால் அது அடுத்தவன் கடலுக்குப் போகும். சிறு படகு நம் கரையோடு இருக்கும்.

2008 சொன்ன பாடம்

கடத்தலைத் தடுக்கவும் கடலோரத்தைக் கண்காணிக்கவும் தனிப்படை வேண்டும் என்று 1974-ல் ருஸ்தம்ஜி கமிட்டி ஆராய்ந்தது. 1977 பிப்ரவரி 1-ல் கடலோரக் காவல் படை தொடங்கியது. 1978-ல் சட்டம் வந்தது. ஆரம்ப ஆஸ்தி என்ன? கடற்படை கொடுத்த இரண்டு சிறு போர்க்கப்பல்களும் ஐந்து ரோந்துப் படகுகளும்தான். தமிழ்நாட்டில் 1994-ல் போலீசின் கடலோரப் பாதுகாப்புக் குழுமம் ஏற்பட்டது.

ஆனால் 2008 நவம்பர் 26 அன்று பம்பாய்க்குள் கடல் வழியாகப் பத்துப் பேர் நுழைந்து 166 பேரைக் கொன்றார்கள். எப்படி வந்தார்கள்? 'குபேர்' என்ற குஜராத் மீன்பிடிப் படகைக் கடத்தினார்கள். அதிலிருந்த ஐந்து மீன்பிடித் தொழிலாளர்களையும் கொன்றார்கள். அந்தத் தாக்குதலில் முதலில் பலியானவர்கள் மீனவர்கள்! கரையில் இறங்கியபோது அவர்களை முதலில் பார்த்தது யார்? ரேடார் பார்க்கவில்லை. மீனவர் குடியிருப்பைச் சேர்ந்தவர்கள் பார்த்தார்கள். நீங்கள் யார் என்று கேட்டார்கள். சந்தேகப்பட்டவர்கள் அவர்கள்தான்.

அதன் பிறகு படகுகள் பெருகின. இன்று கரையிலிருந்து 12 கடல் மைல் வரை, அதாவது சுமார் 22 கிலோமீட்டர் வரை, கடலோரப் போலீசின் பொறுப்பு. அதற்கப்பால் 200 கடல் மைல் வரை கடலோரக் காவல் படை. அதற்கும் அப்பால் கடற்படை. துறைமுகங்களையும் தளங்களையும் காக்கக் கடற்படை 80 அதிவேகப் படகுகளும் சுமார் 1,000 ஆட்களும் கொண்ட சாகர் பிரஹரி பல் என்ற தனிப்பிரிவை ஏற்படுத்தியது.

கடலோரக் காவல் படைக்கு 54 இடைமறிப்புப் படகுகளை எல் அண்டு டி கம்பெனி கட்டிக் கொடுத்தது. சுமார் 28 மீட்டர் நீளம், 105 டன், அலுமினிய உடல், மணிக்கு 45 கடல் மைல் வேகம். நம் கணக்கில் 83 கிலோமீட்டர். சென்னைத் துறைமுகத்திலிருந்து முக்கால் மணி நேரத்தில் மாமல்லபுரத்துக்கு வந்துவிடும். இதற்குக் கீழே தொங்குகிற விசிறி கிடையாது. அடியில் தண்ணீரை உறிஞ்சிப் பின்பக்கம் பீய்ச்சி அடிக்கும். வயலில் பம்ப்செட் தண்ணீரை வாரி அடிக்கும்போது குழாய் பின்னுக்கு உதறுமே, அந்த உதறல்தான் இங்கே படகை முன்னால் தள்ளுகிறது. விசிறி தரையில் தட்டுமே என்ற பயமில்லாமல் ஆழம் குறைந்த இடத்திலும் ஓடலாம். நம் கரைக்கு ஏற்ற படகு, அதில் சந்தேகமில்லை.

தமிழ்நாட்டுக் கடற்கரை பழைய கணக்கில் 1,076 கிலோமீட்டர். கடலோரப் பாதுகாப்புத் திட்டத்தின் முதல் கட்டத்தில் நமக்கு 12 காவல் நிலையங்களும் 24 படகுகளும், இரண்டாம் கட்டத்தில் 30 நிலையங்களும் 20 படகுகளும் ஒதுக்கப்பட்டன. படகு வாங்கிய பிறகு நாட்டில் நடந்த கதை என்ன? கட்டி வைக்கத் துறை இல்லை, ஓட்டத் தெரிந்த ஆள் இல்லை, டீசலுக்கும் பழுது பார்க்கவும் பணம் இல்லை என்று படகுகள் சும்மா கிடந்ததைப் பல மாநிலங்களில் தணிக்கை அறிக்கைகளே எடுத்துக் காட்டின. படகு வாங்கும்போது விளம்பரம். ஓட்டுகிற ஆளுக்குச் சம்பளம் என்றால் சிக்கனம்!

இப்போது இன்னொரு கணக்கைப் பாருங்கள். தமிழ்நாட்டில் கடல் மீனவக் கிராமங்கள் 608. கடல் மீனவ ஜனங்கள் சுமார் 10 லட்சம். ஒரு பக்கம் 42 நிலையங்கள். மறுபக்கம் 608 கிராமங்கள். இரவும் பகலும் கடலில் கண் வைத்திருப்பது எது? அதிகாரிகளுக்கும் இது தெரியும். 'சாகர் கவச்' என்று பாதுகாப்பு ஒத்திகை நடத்துகிறார்கள். ஊடுருவுகிறவர்களைப் போல வேஷம் போட்ட போலீசார் படகில் வருவார்கள். அவர்களைப் பிடிக்க வேண்டும். கல்பாக்கம் அணுமின் நிலையம் இருப்பதால் நம் கரையில் இந்த ஒத்திகைக்கு முக்கியத்துவம் அதிகம். புதிய முகம், புதிய படகு, வழக்கமில்லாத நேரம் என்று கண்டுபிடிக்கிறவன் யார்? அந்தக் குப்பத்தில் பிறந்து வளர்ந்தவன்.

வேலியே பயிரை மேயலாமா?

சோளக் கொல்லையில் பரண் கட்டி ஒருவனைக் காவலுக்கு வைக்கிறோம். அவனுக்குக் கூலி கொடுக்காமல், அவன் குடிசையையும் பிடுங்கி, அவனையே திருடன் என்று சந்தேகித்தால் கொல்லை என்ன ஆகும்? நம் கடற்கரையில் இதுதான் நடக்கிறது.

2019 அக்டோபர் 11, 12 தேதிகளில் இந்தியப் பிரதமரும் சீன ஜனாதிபதியும் மாமல்லபுரத்தில் சந்தித்தார்கள். இரண்டு பெரிய நாடுகள் சமாதானமாகப் பேசுவதை வரவேற்கிறோம். கடற்கரைக் கோயிலுக்கு எதிரே காவல் கப்பல்கள் நின்றன, சரி. ஆனால் அந்த நாட்களில் மீனவன் கடலுக்குப் போகக் கூடாது என்றார்கள். தலைவர்கள் விருந்து சாப்பிட்ட நாளில் மீனவன் வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே! பாதுகாப்புக்காக ஒரு தொழிலாளியின் வேலையை நிறுத்தினால் அந்த நாளின் கூலி சர்க்காரின் கடன். ஆலையில் முதலாளி கதவடைத்தால் சம்பளம் கேட்கிறோம் அல்லவா? அதே நியாயம்தான். கல்பாக்கத்துக்கு எதிரே பாதுகாப்புக் கட்டுப்பாட்டினால் வலை வீச முடியாமல் போகிறவனுக்கும் அதே நியாயம்தான்.

காட்டுப்பள்ளிக்குப் போவோம். அதுவும் பழைய செங்கல்பட்டு ஜில்லாவின் பொன்னேரிக் கரைதான். அங்கே உள்ள எல் அண்டு டி கப்பல் தளத்தில்தான் கடலோரக் காவல் படையின் பல கப்பல்கள் கட்டப்பட்டன. ஆழம் குறைந்த கடலில் நீர்மூழ்கியைத் தேடுவதற்கான 'ஆர்னாலா' என்ற 77 மீட்டர்க் கப்பலை, முன்னே சொன்ன கார்டன் ரீச் நிறுவனம் அங்கேதான் கட்டியது. 2025 ஜூன் 18-ல் அது கடற்படையில் சேர்ந்தது. நல்ல வேலை, தொழிலாளியின் திறமைக்குச் சாட்சி. ஆனால் அந்தத் தளத்துக்கு இடம் கொடுத்தது யார்? காட்டுப்பள்ளிக் குப்பத்து மீனவர்கள். வீட்டைவிட்டுப் பெயர்ந்து போன குடும்பங்கள் வாக்களித்த வேலையை நிரந்தரமாக்கக் கேட்டுப் போராட வேண்டி வந்தது. கரையைக் காக்கிற கப்பலைக் கட்டுவதற்காகக் கரைவாசியைக் கிளப்பி விட்டோம்!

மாமல்லபுரம் கரைக்குத் திரும்புவோம். கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுகிலும் உல்லாச விடுதிகள். மீனவன் படகை ஏற்றி வைக்கவும் வலையை உலர்த்தவும் இருந்த மணல், வேலிக்குள் போய்க் கொண்டிருக்கிறது. 2019-ல் வந்த கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை ஜனநெருக்கம் மிகுந்த கிராமப்புறக் கரையில் கட்டடம் கூடாத எல்லையை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகச் சுருக்கியது. குப்பத்துக்கு வீடு கட்ட என்று சொன்னார்கள். பட்டா இல்லாத குப்பத்தானுக்கு அதனால் என்ன லாபம்? பணமுள்ளவன்தான் கடலை நோக்கி முன்னேறுவான். விடுதியில் இரண்டு நாள் தங்கிப் போகிற விருந்தாளியா இரவு மூன்று மணிக்குக் கடலில் வருகிற புதுப் படகைக் கண்டு பிடிப்பான்?

இதைவிட வேதனையானது இன்னொன்று. 2022 அக்டோபர் 21 அன்று பாக் நீரிணைப் பக்கம் நம் சொந்தக் கடற்படைக் கப்பலே ஒரு தமிழ்நாட்டு மீன்பிடிப் படகின் மேல் சுட்டது. மயிலாடுதுறை மாவட்டத்து மீனவர் ஒருவர் படுகாயமடைந்தார். நிற்கச் சொல்லியும் நிற்காததால் எச்சரிக்கையாகச் சுட்டோம் என்றார்கள். இலங்கைக் கடற்படையின் தொல்லை போதாதென்று இதுவுமா? கடலில் தெரிகிற ஒவ்வொரு ஏழையையும் சந்தேகத்தோடு பார்க்கிற புத்தி ஊறிப் போனால் இதுதான் பலன். ரோந்துப் படகின் துப்பாக்கி எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதைச் சொல்கிற உரிமை ஜனங்களுக்கு உண்டு.

நாம் கேட்பது என்ன?

கரையோரக் காவலுக்கு மீனவ இளைஞர்களை ஊர்க்காவல் படையில் எடுத்தார்கள். நல்ல காரியம். ஆனால் அது தினப்படி வேலை, நிரந்தரமில்லை. அலையின் போக்கும் காற்றின் திசையும் ரத்தத்தில் ஊறிய இந்த இளைஞர்களைக் கடலோரப் போலீசிலும் காவல் படையிலும் நிரந்தரமாகச் சேர்த்து முழுச் சம்பளம் கொடுக்க வேண்டும்.

வாங்கிய படகுகள் ஓட வேண்டும். துறையும் டீசலும் பழுது பார்ப்பும் பயிற்சி பெற்ற ஆட்களும் இல்லாமல் புதுப் படகுக்கு உத்தரவு போடுவது கம்பெனிக்கு லாபம். கரைக்குக் காவல் ஆகாது.

ரோந்துப் படகின் முதல் வேலை உயிர் காப்பது என்று ஆக்க வேண்டும். 2004 டிசம்பர் 26-ல் சுனாமி வந்தபோது கல்பாக்கத்திலும் நம் குப்பங்களிலும் எத்தனை உயிர் போயிற்று என்பதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஒவ்வொரு மீன்பிடிப் படகுக்கும் தகவல் கருவியை இலவசமாகக் கொடுக்க வேண்டும். கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல் படைக்கு 1554, கடலோரப் போலீசுக்கு 1093 என்ற எண்களைக் கூப்பிடலாம். கரையில் உறவினர் உள்ளவர்கள் இவற்றை அவர்களிடம் சொல்லி வையுங்கள்.

பாதுகாப்புக்காகக் கடலை மூடும் நாட்களுக்கு ஈட்டுத்தொகை வேண்டும். நிராயுதபாணியான மீனவன் மேல் எந்தக் கடற்படையும் சுடக் கூடாது. குப்பங்களுக்குக் கூட்டுப் பட்டா வேண்டும். கப்பல் தளத் தொழிலாளர்களுக்கு நிரந்தர வேலை வேண்டும். மாலுமிக்கு நான்கு வருஷ ஒப்பந்தம் ஒழிய வேண்டும்.

தோழர்களே! இந்தக் கோரிக்கைகளை மீனவர்கள் மட்டும் எழுப்பினால் அவர்களைக் கரையோடு ஒதுக்கி விடுவார்கள். படாளம் சர்க்கரை ஆலைத் தொழிலாளியும், மதுராந்தகம் வயலில் நாற்று நடுகிற தாய்மாரும், மறைமலை நகர் தொழிற்சாலைத் தொழிலாளியும் சேர்ந்து எழுப்ப வேண்டும். 1946-ல் மாலுமிக்காகப் பஞ்சாலைத் தொழிலாளி எந்திரத்தை நிறுத்தினானே, அந்த வழி நம்முடைய வழி. நம் கூட்டங்களுக்குக் கரையோரத் தோழர்களை அழையுங்கள். அவர்கள் கூட்டங்களுக்கு நாம் போவோம். அடுத்த மனுவில் கூலிக் கோரிக்கைக்குக் கீழே இந்தக் கோரிக்கைகளையும் எழுதுவோம்.

கரையில் ஜனங்கள் உரிமையோடு வாழ்ந்தால் ஒவ்வொரு குப்பமும் ஒரு காவல் நிலையம். அவர்களை விரட்டி விட்டால் ஆயிரம் படகு இருந்தாலும் கரை அனாதைதான். இதைத்தான் நான் சொல்ல வந்தேன்.

மீனவர், விவசாயி, தொழிலாளி ஒற்றுமை ஓங்குக!